மிலிட்டரி மாமா வளர்த்த பனிமலைப் பூ

குவைத்தில் வெயிலைச் சொந்த விரோதியாக நினைத்து, தினமும் அதோடு சண்டைக்குப் போன ஒரே மனிதர் மிலிட்டரி மாமாதான். நாங்கள் எல்லாரும் ஏசியைப் போட்டுக்கொண்டு எப்போதோ தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டோம்.

அவருடைய நிஜப் பெயர் பாஸ்போர்ட்டுக்கும், விசா கொடுத்த அரபி முதலாளியான கஃபீலுக்கும் மட்டுமே தெரியும். திருமங்கலம் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் சேர்ந்து காஷ்மீர் மலைகளில் இருந்துவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு ஸ்டோர் கீப்பராக வந்தவர். சால்மியாவில் நாங்கள் குடியிருந்த பழைய அரபு வீட்டின் பின்னறையில் தங்கியிருந்தார். முன்பகுதியில் நான், என் கணவர், எட்டு மாதக் குழந்தை, அப்புறம் என் பயங்கள். குழந்தை தும்மினால் நிமோனியாவோ என்று பயப்படுவேன். தும்மாவிட்டால் மூச்சு வருகிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பேன்.

மாமா வாயைத் திறந்தால் மலைதான். டீ தம்ளரிலேயே உறைந்துபோய் அதைக் குச்சி ஐஸ் மாதிரிச் சப்பினாராம். ஒரு கரடி அவர் கூடாரத்துக்குள் வந்து படுத்ததாம். அவர் குறட்டை தாங்காமல் அதுவே எழுந்து போய்விட்டதாம். இந்தக் கதைகளுக்கு நடுவே, பனி உருகியதும் பாறைச் சரிவில் பூக்கும் ஒரு காட்டுப் பூவும் வரும். இங்கிலீஷ் பேசும் ஆபீசர்கள் அதைப் பியோனி என்பார்களாம். பால் மாதிரி வெள்ளை, நடுவில் மஞ்சள், கைக்குழந்தையின் முகம் அளவு.

லீவில் போனபோது மனைவியிடம் இதைச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் தெருவே கேட்கும்படி, "கரடியக்கூட நம்பிட்டுப் போறேன். பாறையில அம்புட்டுப் பெரிய பூவுன்னா யாருகிட்ட கதை விடுறீங்க?" என்று சிரித்துவிட்டார்.

மாமாவுக்கு அது முள்ளாகக் குத்திவிட்டது. ஏனென்றால், கரடிதான் பொய். பூ நிஜம்.

அந்தப் பூவை எப்படியாவது பூக்கவைத்து, போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பவேண்டும். அதற்காகவே அவர் உயிரோடு இருப்பதாகத் தோன்றும். அவர் கம்பெனி லாரி டிரைவர் கான், பாகிஸ்தானில் ஸ்வாத் பக்கத்து மலைக்காரர். அதே பூ தன் ஊரிலும் உண்டு என்றார். இருவருடைய நாடுகளும் எதிரெதிரே துப்பாக்கி நீட்டியவை. இவர்களோ எங்கள் வாசலில் உட்கார்ந்து ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி பூவைப் பற்றிப் பேசினார்கள். கான் லீவு முடிந்து வரும்போது, சாக்குத் துணியில் சுற்றி ஒரு கிழங்கைக் கொண்டுவந்தார்.

அன்று மாலையே மாமா அதோடு என் சமையலறை வாசலில் நின்றார்.

"தாயி, நீ பாட்டனி படிச்ச பிள்ளை. இது பனியில கெடந்தாத்தான் முழிக்கும். ரெண்டு மாசம் உன் ஃப்ரிட்ஜுல ஸ்னோ டியூட்டி போடணும்."

பி.எஸ்ஸி. தாவரவியலில் எனக்குப் பியோனியை யாரும் நடத்தவில்லை. இது விஷமோ என்னவோ, குழந்தையின் பாலுக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்றும் யோசித்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் கிழங்கு காய்கறித் தட்டுக்குள் போய்விட்டது. பால் பாட்டிலை மேல்தட்டுக்கு மாற்றினேன். பிறகு, மேலே இருந்தால் கீழே இருப்பதன் காற்று மேலே வருமோ என்று மறுபடி இறக்கினேன்.

மாமா தினமும் டியூட்டிக்குப் போகுமுன் ஃப்ரிட்ஜைத் திறந்து, கிழங்கைத் திருப்பிப் பார்த்து, "ஷாபாஷ்" என்று சொல்லி மூடுவார். கிழங்கிடம் இந்தியில்தான் பேசுவார். அதற்குத் தமிழ் தெரியாதாம்.

இப்படி ஒரு மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், குழந்தையோடு நானும் தூங்கிப்போனேன். என் கணவர் தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்திருக்கிறார். அவர் கும்பகோணத்துக்காரர். குவைத் வந்ததிலிருந்து அவர் ஏங்கியது இரண்டே விஷயங்களுக்கு: ஒன்று மழை, இன்னொன்று மாகாளிக் கிழங்கு ஊறுகாய். பழுப்புத் தோல், விரல் விரலாக நீண்ட உருவம், மூக்கைச் சுளிக்கவைக்கும் மருந்து வாசனை. அவர் கண்ணுக்கு அது வேறென்னவாகத் தெரியும்? ஊரிலிருந்து யாரிடமோ என் அம்மா கொடுத்தனுப்பியிருக்கிறாள், மனைவி தன்னை ஆச்சரியப்படுத்த ஒளித்துவைத்திருக்கிறாள் என்று உருகிப்போய்விட்டார். பதிலுக்கு என்னை ஆச்சரியப்படுத்தலாம் என்று, தோல் சீவி, நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் சேர்த்து, ஒரு ஜாடித் தயிரில் போட்டுவிட்டார்.

நான் கண்விழித்தபோது ஒரு துண்டை மென்றுகொண்டிருந்தார். "ஏன் இப்படிக் கசக்குது? உங்கம்மா பாத்து வாங்கலை போல."

அந்த நேரம் பார்த்து மாமா உள்ளே வந்தார். காய்கறித் தட்டைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். பிறகு மேசைமேலிருந்த ஜாடியைப் பார்த்தார். நான் குழந்தையை இறுக்கிக்கொண்டேன். பட்டாளத்துக்காரர் எதைத் தூக்குவாரோ என்று பயம்.

"மாப்ளே, எம்புட்டுத் தின்னீங்க?"

"ஒரு துண்டுதான், மாமா."

"தலையெங்க?"

கணவர் தன் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. முளைப்பது தலைப்பகுதிதான், கண்கள் அதில்தான் இருக்கும். நறுக்குகிறவர் எவரும் முதலில் வெட்டி எறிவதும் அதைத்தான். குப்பைக் கூடையைக் கவிழ்த்தோம். டீத்தூளுக்கும் வெங்காயச் சருகுக்கும் நடுவே, இளஞ்சிவப்புக் கண்களோடு கொண்டை பத்திரமாக இருந்தது. கூடவே கொஞ்சம் கிழங்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா அதைக் கழுவி, தன் கைக்குட்டையில் சுற்றித் திரும்பவும் ஃப்ரிட்ஜில் வைத்தார். என் கணவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றிரவு கணவருக்கு வயிறு புரட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் துடித்தேன். மாமா ஓமத்தண்ணீரோடு வந்து, "மலைக்காத்து உள்ள போயிருக்கு, வெளிய வந்துரும்" என்றார். வந்துவிட்டது.

ஜனவரியில், வடக்குச் சுவரோரம் நிழலில் நட்டார். வீட்டுத் தோட்டத்தில் உப்பு மண். கான் எங்கிருந்தோ லாரியில் நல்ல மண் கொண்டுவந்து கொட்டினார். தெருவிலுள்ள வீடுகளின் ஐஸ் தட்டுகள் எல்லாம் மாலையில் மாமா வசம் வந்துவிடும். விருந்தாளிகளுக்கு ஜில்லென்று சர்பத் கொடுக்க முடியவில்லை என்று எதிர்வீட்டு மலையாளி சேச்சி என்னிடம்தான் சண்டை போட்டாள். செடியைச் சுற்றி ஐஸ் பரப்பி, மாமா அட்டென்ஷனில் நிற்பார்.

நம்பமாட்டீர்கள், சிவப்பாகத் துளிர் வந்தது. இலை விரிந்தது. பங்குனியில், நெல்லிக்காய் அளவு ஒரே ஒரு மொட்டும் வந்தது. மாமா கேமரா இரவல் வாங்கி, ஃபிலிம் போட்டுத் தயாராக வைத்தார்.

மொட்டின் நுனியில் வெள்ளை தெரிந்த அன்றைக்குத்தான் புழுதிக்காற்று கிளம்பியது. தெருவே செங்கல் நிறமாகிவிட்டது. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி திணித்துவிட்டு எட்டிப் பார்த்தேன். மாமா லீவு போட்டுவிட்டு, ஒரு கையில் குடையும் ஒரு கையில் நனைத்த சாக்கும் பிடித்துச் செடிமேல் கவிந்து நின்றிருந்தார். உள்ளே வரச்சொல்லிக் கத்தினேன். அவர் இருமியதுதான் பதில்.

மறுநாள் காற்று நின்றது. மொட்டு கருகித் தலைசாய்ந்திருந்தது. மாமா கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து படுத்தார். அதன்பின் ஒரு வாரம், கரடி உட்பட யாரைப் பற்றியும் அவர் பேசவில்லை. வீடு அத்தனை அமைதியாக இருந்தது எனக்குப் பிடிக்கவே இல்லை.

அந்தக் கோடையில் நாங்கள் லீவில் ஊருக்குப் போனோம். லீவில் போகிறவர்கள் மற்றவர்களின் பார்சலைச் சுமப்பது குவைத்தில் எழுதாத சட்டம். மாமா தன் வீட்டுக்குச் சேலையும் சென்ட்டும் கொடுத்தனுப்பினார். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் அவர் மனைவி எங்களுக்கு இட்லி வைத்தார். நான் கையில் தட்டோடு உட்கார்ந்திருக்க, என் எதிரே வந்து அமர்ந்தார்.

"நீங்க படிச்சவங்க, பொய் சொல்ல மாட்டீங்க. அந்தப் பூ பூத்துச்சா?"

நான் குழந்தையைப் பார்த்தேன், கணவரைப் பார்த்தேன். அவர் இட்லியைப் பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாக நான் யோசிக்கவில்லை.

"பூத்துச்சுங்க. இந்தத் தட்டு அகலம்."

அந்த அம்மாள் என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தார்.

"போன மாசம் கேசட்டுல பேசி அனுப்பிச்சாரு, மொட்டு கருகிப்போச்சுன்னு. குரலே வரல பாவம். கல்யாணம் கட்டி இத்தனை வருசத்துல ஒரே ஒரு தடவ உண்மை சொன்ன மனுசன். அதையும் நீங்க கெடுத்துட்டீங்களேம்மா."

என் முகம் எப்படி ஆனதென்று கணவர் இன்றைக்கும் நடித்துக்காட்டுகிறார். காட்டட்டும். மிலிட்டரி மாமாவுக்காக இன்னொரு முறை பொய் சொல்ல நேர்ந்தால், தட்டை மாற்றித் தாம்பாளமாக்குவேன்.