பாஸ்கல் மேஸ்திரி வாயை மூடிய கதை

புதுத் துறைமுகத்தில் பாஸ்கல் மேஸ்திரி ஒரு சத்தம் போட்டால் கிரேன் நிற்கும், லாரி நிற்கும், சும்மா போகிற காக்காகூட நம்மளையா கூப்பிட்டார் என்று திரும்பிப் பார்க்கும். அப்பேர்ப்பட்ட மனுசன் அந்த வெள்ளிக்கிழமை காலையில் வீட்டு நடுவில் நின்று மீசையை முறுக்கினார்.

"மதராசாவது, எம்.ஏ.யாவது! முடியாதுன்னா முடியாது!"

அவர் பெண்டாட்டி பிளாரன்ஸ் சீலா மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"தகவல் தொடர்பியல். இடம் கிடைச்சாச்சு. திங்கக்கிழமை சேரணும்."

"அதுல என்னளா படிக்கப்போற?"

"ஒருத்தர் சொல்லுதது இன்னொருத்தருக்கு எப்படிப் போய்ச் சேருதுன்னு."

"நான் சொன்னா திருச்செந்தூர் வரைக்கும் போய்ச் சேருது. இதுக்கு எதுக்குளா எம்.ஏ.?"

பிளாரன்ஸ் அரிவாள்மணையைத் தள்ளி வைத்தாள். "கலியாணமான நாள்லருந்து சிலோன் ரேடியோவக் கேட்டுக்கிட்டே சோறு பொங்குதேன். ஒரு குரல் சொல்லுது, ஊரே நம்புது. யாரு சொல்ல வைக்கா, நாம ஏன் நம்புதோம்னு எனக்குத் தெரிஞ்சாகணும். ஆசையா இருக்குங்க. போகத்தான் போறேன்."

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. ஒரு நொடிதான். கை மறுபடியும் மீசைக்குப் போய்விட்டது.

"படிப்ப விடுத வரைக்கும் உங்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்!"

"எங்கிட்ட மட்டுந்தானா? ஊரெல்லாம் பேசிக்கிட்டுத் திரிஞ்சா அது என்ன சபதம்? பாவம், உங்களால முடியாது. விட்டிருங்க."

"யாருக்கு முடியாது? ஒருத்தன்கிட்டயும் பேசமாட்டேன்! பேசுனா இந்த மீசைய எடுத்துருதேன்!"

"தேவகனியக்கா, கேட்டியளா?"

"தெருவே கேட்டுச்சுளா," என்றாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரி.

மத்தியானம் குழம்பில் உப்பில்லை. ஊரைச் சுற்றி உப்பளம், தட்டில் சப்பென்று மீன்! மேஸ்திரி விரலைக் குவித்துத் தூவுவதுபோல் காட்டினார்.

"அக்கா, ஓடியாங்க! பேசிட்டாரு!"

வாய் திறக்கவில்லையே என்று மேஸ்திரி முழித்தார்.

"கையாட்டுனாலும் பேச்சுதான், தலையாட்டுனாலும் பேச்சுதான். நான் படிக்கப்போற படிப்புல முதல் பாடமே அது," என்றாள் பிளாரன்ஸ்.

தேவகனி தீர்ப்புச் சொன்னாள். "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். இந்த ஒரு தடவ மன்னிச்சு விடுதோம் அண்ணாச்சி. இனிமே தலை அசைஞ்சாலும் மீசை போச்சு."

மன்னிப்பா? பாஸ்கலுக்கா? ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து மனுசன் நட்டுவைத்த தூண்தான். துறைமுகத்தில் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து ஆளாளுக்குப் பனங்கற்கண்டு கொடுத்தார்கள். இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு தெம்பு. மதராஸ் விடுதியில் சேர மாதா கோயில் பங்குச் சாமியார் கையெழுத்து வேண்டும். புருசன் தடை சொன்னால் சாமியார் போடவே மாட்டார். இவள் எங்கே போய்விடுவாள்!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் வழக்கம்போல, கல்யாணம் நிச்சயமான ஜோடிகளின் பேரைச் சொல்லிக் கல்யாண ஓலை வாசித்தார். தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்றார். யாரும் சொல்லவில்லை. தாளை மடித்துவிட்டு அடுத்ததற்கு வந்தார்.

"நம்ம பிளாரன்ஸ் மேல்படிப்புக்கு மதராஸ் போகுது. பாஸ்கல், உமக்கு ஏதாவது தடை உண்டா?"

கோயிலே திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்திலிருந்து தேவகனி அவர் மீசையை மட்டும் பார்த்தாள். 'உண்டு' என்கிற வார்த்தை தொண்டை வரை வந்து முட்டியது. தலை மேலும் கீழும் ஆடத் துடித்தது. பல்லைக் கடித்துப் பிடித்து நிறுத்தினார்.

"சொல்லும்வே, தடை உண்டா?"

தூண் அசையவில்லை.

"ரொம்ப சந்தோசம். ஊருக்கே நல்ல முன்மாதிரி!" கைதட்டல் அடங்குவதற்குள் சாமியார் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சாயங்காலம் ரயிலடிக்கு அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்தவரும் மேஸ்திரிதான். ஊரே முன்மாதிரி என்று சொன்ன பிறகு வேறு யார் தூக்குவது? பிளாரன்ஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி ஊதியது. நகர்ந்தது. மேஸ்திரிக்குக் கண் கலங்கி, அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வாய் வழியே வெடித்தது.

"ஏளா பிளாரன்ஸ்! போவாதளா! தடை உண்டுளா, தடை உண்டு!"

கிரேனை நிறுத்துகிற அதே சத்தம். ரயில் நிற்கவில்லை.

பிளாரன்ஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக் கூவினாள். "கண்ணாடிக்குப் பின்னால புது பிளேடு வாங்கி வச்சிருக்கேங்க!"