மான் சுமக்க ஒரு பை

இந்த நவம்பரில் மான் வேட்டைக்குப் போயே தீருவது என்று முடிவெடுத்தேன்.

முடிவெடுத்த இடம், மில்லிக்கனில் நான் வேலை செய்யும் வெயார்ஹவுஸின் சாப்பாட்டு அறை. என்னோடு போர்க்லிஃப்ட் ஓட்டும் மரியோ, போன வருடம் தான் சுட்ட மானின் படத்தைப் போனில் காட்டினான். மானுக்குப் பக்கத்தில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். அருள்நாயகமும் மானும். மானுக்கு அழகு கொஞ்சம் கூடத்தான். ஆனாலும் படம் நன்றாக இருந்தது.

"மரியோ, என்னையும் கூட்டிக்கொண்டு போ."

"உனக்குச் சுடத் தெரியுமா?" என்று கேட்டான். அவனுடைய இங்கிலிஷை நான் தமிழாக்கித் தருகிறேன்.

"சுடத் தெரியாது. சூடு வாங்கத் தெரியும். கலியாணம் முடித்து முப்பது வருடம்."

மரியோ பெரிய மனதுக்காரன். "பரவாயில்லை. சுடுகிறவனுக்குத்தான் லைசென்ஸ் வேண்டும். சுமக்கிறவனுக்கு முதுகு இருந்தால் போதும். நான் சுடுகிறேன், நீ சும. பாதி இறைச்சி உனக்கு. ஆனால் எண்பது இறாத்தல் இறைச்சி தாங்குகிற பையோடு வா. போன தடவை வந்தவனுடைய பை சதுப்புக்கு நடுவில் அறுந்து போய்விட்டது. அவனும் போய்விட்டான்."

"எங்கே போனான்?"

"வீட்டுக்கு. திரும்ப வரவேயில்லை."

பை ஒரு பிரச்சினையே இல்லை. காசு கொடுத்தால் கடையில் கிடைக்கும். பிரச்சினை என் முதுகு.

இதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். மூன்று பனிக்காலத்துக்கு முன்னால், வீட்டு வாசலில் ஸ்னோ அள்ளும்போது இடுப்பில் ஒரு பிடி பிடித்தது. உண்மையான பிடி. ஒரு கிழமையில் விட்டுவிட்டது. பிடித்ததை வீட்டில் எல்லோருக்கும் அறிவித்தேன். விட்டதை அறிவிக்க மறந்துவிட்டேன். அன்று தொடக்கம் ஸ்னோ அள்ளுவது என் மனைவி கிளடிஸ். அரிசி மூட்டை தூக்குவது கிளடிஸ். கோயில் பெருநாளுக்குக் கதிரை அடுக்கக் கூப்பிட்டால் நான் இடுப்பில் கை வைத்து, "அந்தோனியாரே!" என்பேன். அடுக்க வந்த கதிரையில் ஒன்றை இழுத்து என்னை இருத்துவார்கள். பக்கத்தில் தேத்தண்ணியும் வரும்.

இப்படிப் பாடுபட்டு வளர்த்த முதுகை ஒரு மானுக்காக இழக்கலாமா?

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். மரியோவின் காட்டுக்குடிலுக்குச் சும்மா காற்று வாங்கப் போகிறேன் என்று கிளடிஸிடம் சொல்வது. பையைப் பார்த்தால் சாப்பாட்டுப் பை போல இருக்கவேண்டும். உள்ளே பாதி மான் போகவேண்டும்.

சனிக்கிழமை வேட்டைச் சாமான் கடைக்குப் போனேன். பச்சைத் தொப்பி போட்ட ஒரு பிள்ளை வந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"சின்னப் பை. ஆனால் பெரிய பை."

அவள் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை. முதலில் ஒரு பையைக் கொண்டுவந்தாள். அது என் முழங்காலில் தொடங்கித் தலைக்கு மேலே முடிந்தது. இதோடு மல்வேர்ன் பஸ்ஸில் ஏறினால் ட்ரைவர் இரண்டு டிக்கெட் கேட்பான். வீட்டுக்குள் போனால், நான் வீட்டைவிட்டு ஓடப்போகிறேன் என்று கிளடிஸ் நினைப்பாள். நினைத்துவிட்டு உடுப்பு அடுக்க உதவியும் செய்வாள். வேண்டாம் என்றேன்.

இரண்டாவது, பள்ளிக்கூடப் பிள்ளையின் பை அளவு. அழகாக இருந்தது. அவள் அதற்குள் மண் மூட்டைகளை வைத்து என் தோளில் மாட்டினாள். வார் இரண்டும் தோளைக் கத்தியாக அறுத்தன. பை பின்னுக்கு இழுக்க, நான் கடையின் கூரையைப் பார்த்தபடி நடந்தேன். கூரை நல்ல கூரை. வழியில் நின்ற, வேட்டைக்கு வைக்கிற பிளாஸ்டிக் வாத்து ஒன்றை மிதித்துவிட்டேன்.

"இறைச்சி ஈரப் பாரம்," என்றாள் அந்தப் பிள்ளை. "நடக்க நடக்கச் சரியும், ஆடும். முதுகோடு ஒட்ட இறுக்கிக் கட்டவேண்டும். பாரம் தோளில் நிற்கக்கூடாது, இடுப்பில் நிற்கவேண்டும். அதற்குப் பைக்குள் ஒரு சட்டம் இருக்கவேண்டும். உங்களுக்குச் சட்டம் பழக்கமா?"

"பழக்கம். எங்கள் வீட்டில் சட்டம் எல்லாம் மனைவி கையில்."

மூன்றாவதைக் கொண்டுவந்தாள். பார்த்தால் வேலைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பை. மண்ணிறம். சாது. பக்கத்தில் இருந்த கொளுக்கியை அவள் தட்டினாள். டக். பை சட்டத்தைவிட்டு விலகி முதலை மாதிரி வாயைத் திறந்தது. சட்டத்துக்கும் பைக்கும் நடுவில் இறைச்சியை வைத்து இறுக்கிவிட வேண்டியதுதான். இறைச்சி இல்லாதபோது வாயை மூடிக்கொண்டு சாப்பாட்டுப் பையாகிவிடும்.

வெளியே ஒரு முகம், உள்ளே வேறு வேலை. என்னைப் போலவே ஒரு பை!

எண்பது இறாத்தல் மண்ணை வைத்து, இடுப்புப் பட்டியை இறுக்கிவிட்டாள். நடந்தேன். கூடாரங்களைத் தாண்டி, தூண்டில்களைத் தாண்டி, சப்பாத்துகளைச் சுற்றி வந்தேன். பாரம் இடுப்பில் பூனைக்குட்டி மாதிரிக் குந்தியிருந்தது. முதுகில் ஒரு நோவும் இல்லை. இருக்கவும் நியாயமில்லை.

வாங்கிவிட்டேன்.

பின்னேரம் கிளடிஸ் வேலையால் வந்தாள். நேர்சிங் ஹோம் ஒன்றில் முதியவர்களைப் பராமரிக்கிற வேலை. சப்பாத்தைக் கழற்ற முதலே கதவடியில் தொங்கிய பையைக் கண்டுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, உது என்ன?"

"பை."

"பை எண்டு தெரியுது. என்ன பை?"

"சாப்பாட்டுப் பை. வேலைக்குக் கொண்டுபோக."

"சாப்பாட்டுப் பைக்கு ஏனப்பா இவ்வளவு மொத்தமான இடுப்புப் பட்டி?"

"பசியில இடுப்பு மெலிஞ்சால் இறுக்கலாமெல்லே."

"உள்ளுக்க என்னவோ சட்டம் மாதிரிக் கிடக்கு."

"அது... முதுகுக்கு. நிமித்திப் பிடிக்குமாம். கடைக்காரப் பிள்ளை சொன்னது."

"ஓ, முதுகுக்கோ?"

"ஓம் ஓம். முதுகுக்குத்தான்."

"உந்த உள்துணி? ரத்தம் ஊறாத துணியெல்லோ. எங்கட வேலையிலயும் உப்பிடித்தான் பாவிக்கிறனாங்கள்."

"மீன்குழம்பு கவிண்டு போனால் எண்டு..."

"எவ்வளவு குழம்பப்பா கொண்டு போகப் போறியள்? இதுக்க ஒரு ஆட்டை விடலாம்."

எனக்கு இருமல் வந்தது. இருமி முடிப்பதற்குள் கிளடிஸ் கொளுக்கியைக் கண்டுபிடித்துவிட்டாள். டக். முதலை வாயைத் திறந்தது. நேரே குசினிக்குப் போனாள். இரண்டு மூட்டை அரிசியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். இறுக்கினாள். நிலத்தில் குந்தி முதுகில் மாட்டி, சுவரைக்கூடப் பிடிக்காமல் எழும்பினாள். மாடிப்படி ஏறினாள். மேலே நடக்கிற சத்தம் கேட்டது. இறங்கி வந்தாள். மூச்சு வாங்கவில்லை.

"நல்ல பையப்பா! பாரமெல்லாம் இடுப்பிலதான் நிக்குது."

"நீர் ஏன் கஷ்டப்படுறீர்? இறக்கி வையும்."

"நீங்கள் ஒருக்கா இறக்கித் தாங்கோவன்."

நான் அரை அடி முன்னுக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, "அந்தோனியாரே!" என்றேன்.

கிளடிஸ் சிரித்தாள். அவள் சிரித்திருக்கக் கூடாது. நான் கவனித்திருக்க வேண்டும். ஆனால் நான் அப்போது மானைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

"வாற வெள்ளிக்கிழமை மரியோன்ர காட்டுக்குடிலுக்குப் போட்டு வரலாமெண்டு பாக்கிறன். காத்து முதுகுக்கு நல்லதாம்," என்றேன்.

"போங்கோவன். ஆர் வேண்டாமெண்டது?"

பையின் வாரைத் தன் அளவுக்கு இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, கவனமாகக் கொளுவினாள். முப்பது வருடத்தில் கேட்ட உடனே கிடைத்த முதல் அனுமதி. அன்றிரவு எனக்கு நல்ல நித்திரை.

வெள்ளிக்கிழமை காலை மரியோவின் ட்ரக் வாசலில் வந்து நின்றது. நான் ஸ்வெற்றருக்குள், வேட்டைக்காரர் போடும் செம்மஞ்சள் அங்கியை ஒளித்துப் போட்டுக்கொண்டு மாடியால் இறங்கினேன். கீழே ஒருத்தி நின்றாள். செம்மஞ்சள் அங்கி, கம்பளித் தொப்பி, முழங்கால் வரை சப்பாத்து, முதுகில் என் பை.

கிளடிஸ்.

மரியோ ட்ரக்கின் கண்ணாடியை இறக்கிக் கத்தினான். "அக்கா! ரெடியா?"

சொன்னது தமிழில். "அக்கா" என்கிற சொல்லை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"இவன் ஏன் உம்மை அக்கா எண்டுறான்?"

"எங்கட நேர்சிங் ஹோமில இருக்கிற இத்தாலிக்கார அம்மா இவற்ற தாயெல்லோ. நாந்தான் பாக்கிறனான். போன ஞாயிறு இவர் தாயைப் பாக்க வந்தவர். உங்களைப் பற்றிக் கதைச்சனாங்கள்."

மரியோ இறங்கி வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அருள், உன் முதுகு மூன்று வருடமாக இப்படி என்று நீ சொல்லவேயில்லையே! நோவோடு எனக்காக மான் சுமக்க வந்தாயா? அந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்ச் சொல்வேன்? நல்ல வேளை, அக்கா தான் வருவதாகச் சொன்னார். என் அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கிக் கதிரையில் இருத்துவார், பார்த்திருக்கிறாயா? அம்மாவுக்கே தெரியாது!"

"இல்லை மரியோ, என் முதுகு..." என்று தொடங்கினேன்.

"ஓம், சொல்லுங்கோ," என்றாள் கிளடிஸ். மிகவும் அன்பாகத்தான் சொன்னாள். "உங்கட முதுகு?"

என் கை தானாக இடுப்புக்குப் போனது.

"சுகமெண்டால் இப்பவே சொல்லுங்கோ. பையைக் கழட்டித் தாறன், நீங்களே போங்கோ. ஆனால் சுகமான முதுகெண்டால் இந்த வின்ரருக்கு ஸ்னோ உங்களுக்கு. அரிசி மூட்டை உங்களுக்கு. பேஸ்மென்ரில கிடக்கிற பழைய வோஷிங் மெஷினை மேல ஏத்துறது உங்களுக்கு. கோயில் கதிரை முழுக்க உங்களுக்கு. சுகமில்லையெண்டால் பேசாமல் படுங்கோ. நான் போட்டு வாறன்."

யோசித்தேன். ஒரு பக்கம் மான், படம், சிரிப்பு. மற்றப் பக்கம் ஸ்னோ. மல்வேர்னில் விழுகிற ஸ்னோவைக்கூட மன்னிக்கலாம். நாம் அள்ளி முடித்த பிறகு, றோட்டு ஸ்னோவை வழிக்கிற வண்டி வந்து அதையெல்லாம் வாசலில் ஒரு மதிலாகக் கட்டிவிட்டுப் போகுமே, அதை மன்னிக்க முடியாது. மான் வருடத்துக்கு ஒரு தடவை. மதில் நான் சாகும் வரைக்கும்.

மரியோ என் முகத்தைப் பார்த்தான். கிளடிஸும் பார்த்தாள்.

"இன்னும்... கொஞ்சம் இருக்கு," என்றேன்.

"எனக்குத் தெரியுமே. சொதி ஃப்ரிட்ஜில கிடக்கு. பை!" என்று கையைக் காட்டினாள்.

பையும் போய்விட்டது.

ட்ரக் மூலையால் திரும்பும் வரை ஜன்னலில் நின்றேன். பிறகு சோபாவில் படுத்து, நடந்ததைக் கணக்குப் பார்த்தேன். மான் போனது போகட்டும். முதுகு மிஞ்சியதே! ஒருவகையில் வென்றது நான்தான். அந்த வெற்றியோடு மூன்று நேரமும் சொதி சாப்பிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் போனில் ஒரு படம் வந்தது. விழுந்துகிடக்கிற பெரிய ஆண் மான். பக்கத்தில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து சிரிக்கிற கிளடிஸ். நான் என்னை வைத்துப் பார்த்த அதே இடம். எங்கள் ஊரில், பேசாலைக் கடற்கரையில் அப்படிச் சிரித்த ஒரு பெட்டையைத்தான் நான் கலியாணம் முடித்தேன். படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். மானை அல்ல.

ஞாயிறு பின்னேரம் ட்ரக் வந்தது. ஃப்ரீசர் நிரம்பியது. மரியோ வாசலில் நின்று கதை சொன்னான். சதுப்புக்குள்ளால், விழுந்த மரத்துக்கு மேலால், எண்பது இறாத்தலையும் ஒரு தடவைகூட இறக்கி வைக்காமல் அக்கா வந்தாராம். நடுவில் அவன் மான் சுட்ட துவக்கையும் வாங்கிக்கொண்டாராம். அவனுக்கு மூச்சு வாங்கியதாம்.

"அடுத்த வருசமும் அக்காதான்!" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் உண்மையாகவே பெருமைப்பட்டேன். "நீர் கெட்டிக்காரி," என்றேன். வெளியே ஸ்னோ கொட்டத் தொடங்கியது. முதல் ஸ்னோ. நல்ல தடிப்பு. நான் சோபாவில் சாய்ந்து போர்வையை இழுத்துக்கொண்டேன்.

சப்பாத்தைக் கழற்றக் குனிந்த கிளடிஸ் பாதியில் நின்றாள்.

"இஞ்சாருங்கோ."

"என்ன?"

"எனக்கு முதுகு பிடிச்சிட்டுது."

நான் எழும்பி உட்கார்ந்தேன். "உண்மையாவோ?"

"நான் ஏனப்பா பொய் சொல்லப்போறன்?"

"எப்ப சுகம் வருமாம்?"

"முதுகெல்லே. ஆர் சொல்லலாம்?" மெல்ல நடந்து வந்து, என்னைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு, சோபாவில் நீட்டிப் படுத்தாள். போர்வையையும் எடுத்துக்கொண்டாள்.

"அப்ப ஸ்னோ ஆர் அள்ளுறது? எனக்கும் நோகுதெல்லோ!"

"அதெப்பிடியப்பா? ஒரு வீட்டில ஒரு ஆளுக்குத்தான் முதுகு நோகலாம். மூண்டு வருசம் நீங்கள் வைச்சிருந்தனீங்கள். இனி என்ர முறை."