எறும்புக்குத் தனி லைன் போட்ட க்யூசி அக்கா

மே மாத வெயிலை வாய்விட்டு வரவேற்ற மனுஷி எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். க்யூசி அக்கா!

சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் எட்டுப் பெண்கள் வாடகைக்கு இருந்தோம். எல்லோருக்கும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அக்கா விருதுநகர் பக்கம். தரம் பார்க்கும் 'க்யூசி' பிரிவு. வீட்டுக்கு வந்தும் அந்த வேலை அவரை விடாது. நாங்கள் சுட்ட தோசையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஓரம் சரியில்லடி, ரிஜெக்ட்டு" என்பார். அப்புறம் அதை அவரே சாப்பிட்டுவிடுவார்.

ஒரு மே மாதம், செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத மொட்டைமாடியில், நான்கு பழைய ட்ரேக்களில் மண் நிரப்பினார்.

"நாமளே வாடிப் போறோம். இந்த வெயில்ல கீரை மொளைக்குமாக்கா?"

"தண்டுக்கீரைக்குச் சூடு இருந்தாத்தான் புள்ள உசிரே வரும்."

கடுகைவிடப் பொடியான விதையை மணலோடு கலந்து தூவினார். மறுநாள் பார்த்தால் எறும்புகள் ஒன்று பாக்கியில்லாமல் தூக்கிப் போயிருந்தன. நாங்கள் சிரித்தோம். அக்கா மறுபடி விதைத்தார். எதிர் மூலையில் ரவையைக் குவித்தார். எறும்புகள் கட்சி மாறின. "அதுகளுக்குத் தனி லைன் போட்டுக் குடுத்துட்டேன்டி!" அந்த வாரம் எங்களுக்கு உப்புமா இல்லை.

அடுத்து வந்தார் வீட்டுக்காரம்மா. "இன்னாமா, மாடில மண்ண கொட்டிகினு கீற? வூடு ஒழுவுனா யாரு பாக்குறது? ஞாயித்துக்கெழமைக்குள்ள எடுத்துடு."

அக்கா ட்ரேக்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினார். ஷிப்ட் முடிந்ததும் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடித் தண்ணீர் தெளித்தார். சனிக்கிழமை வரை ஒன்றும் முளைக்கவில்லை. ட்ரே பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"ரிஜெக்ட்டாக்கா?"

"இன்னும் செக்கிங் முடியலடி."

ஞாயிறு காலை வீட்டுக்காரம்மா துடைப்பத்தோடு ஏறி வந்தார். அக்கா ஒரு ட்ரேயைத் தூக்கி, காய்ந்து கிடந்த தரையைக் காட்டினார். அந்தம்மா தரையைப் பார்க்கவில்லை. ட்ரேக்குள் குனிந்தார்.

"ஐயே, ஊசி மொன மாரி செவப்பா இன்னாமா கீது இது?"

ஒரு தோசையைக்கூடப் பாஸ் செய்யாத அக்கா, "பாஸு! எல்லாமே பாஸு!" என்று கத்தி அவரைக் கட்டிக்கொண்டார். துடைப்பம் கீழே விழுந்தது. மறுநாள் நாங்கள் எழுவதற்குள் வீட்டுக்காரம்மாவே தண்ணீர் ஊற்றியிருந்தார்!

நாலாவது வாரம் கீரைப் பொரியல். ஆளுக்கு ஒரு பிடி கிடைத்தது. அக்கா தொடவில்லை.

"எனக்குக் கீரையே பிடிக்காது புள்ள."

"அப்ப எதுக்குக்கா இவ்வளவு பாடு?"

"கேன்டீன் சோத்தத் தின்னு நீங்கதான் வெளிறிப் போயிக் கெடக்கீகள்ல."

அக்கா இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறார். கல்யாணமாகிக் குன்றத்தூருக்கு வந்த நான், இந்தக் கோடையில் பால்கனியில் தண்டுக்கீரை விதைத்தேன். அக்கா தினமும் போன் செய்து, "மொளைச்சிருச்சா?" என்று கேட்கிறார்.

முளைத்து நான்கு நாளாகிறது. "இன்னும் இல்லக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிட்டால் நாளைக்குக் கூப்பிடமாட்டாரே.