அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது நான்தான்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, தங்கள் சினிமாப் பத்திரிகையை முதல் இதழிலிருந்து விடாமல் படித்துவரும் ஓய்வுபெற்ற செட் தச்சன் பணிவுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் நிருபரும் நலமென்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. காரணம், போன இதழின் பதினெட்டாம் பக்கம்.

அந்தப் பழைய ஆபீஸ் நகைச்சுவைப் படத்தில், மேனேஜர் "இந்த ஆபீஸ்லயே பெரிய சோம்பேறி யாரு?" என்று கேட்டதும் கம்ப்யூட்டர் உறுமி, குலுங்கி, எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரியுமே, அது என் யோசனை என்று போட்டிருக்கிறீர்கள். நிருபர் மேல் தப்பில்லை. நான்தான் அளந்துவிட்டேன். மகள் பக்கத்திலேயே நின்றாள், என் வாய் நிற்கவில்லை.

நடந்தது வேறு. அது வெறும் பிளைவுட் பெட்டி. உள்ளே ஒரு முக்காலி, பன்னிரண்டு சுவிட்சு, நான். கேள்வி வந்ததும் மூன்றாவது சுவிட்சைத் தட்டவேண்டும், அவ்வளவுதான் வேலை. சாப்பாடு முடிந்த நேரம், காற்றில்லாத பெட்டி, மேனேஜராக நடித்தவர் ஒன்பது முறை வசனத்தை மறந்தார், பத்தாவது முறை அவர் சரியாகச் சொன்னபோது நான் தூங்கிப்போயிருந்தேன். உதவி இயக்குநர் பெட்டியை உதைத்தார், நான் பதறி எழுந்து மண்டையை இடித்துக்கொண்டு சுவிட்சுப் பலகை மேலேயே விழுந்தேன். "மெஷினுக்கே கோவம் வந்துடுச்சுய்யா. உன் யோசனையா?" என்றார் டைரக்டர். தலையாட்டினேன். நாற்பது வருஷமாக ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறாள். வெள்ளிக்கிழமை அவள் வகுப்பில் நான் பேசவேண்டுமாம். பிள்ளைகளிடம் பொய் சொல்லவும் மனசில்லை, அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லவும் தைரியமில்லை. வெட்கத்தில் கூனிக் குறுகிப்போகிறேன். வியாழக்கிழமை இதழில் ஒரு திருத்தம் போட்டுவிட்டால் அவளே படித்துக்கொள்வாள்.

என்னைப் போன்றவர்களை நம்பாமல் தங்கள் பத்திரிகை மேன்மேலும் வளர வாழ்த்தி, தலைகுனிவுடன்,
செட் தச்சன்.

பி.கு.: தபால்தலை ஒட்டச் சொல்லி உறையை மகளிடம் கொடுத்தேன். மூட மறந்திருக்கிறேன், படித்துவிட்டாள். "அப்பா, அந்த மெஷின் உறுமுற சத்தம் உங்க கொறட்டைதானே? பொறந்ததுலேர்ந்து கேக்கறேன், எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் கிளாஸ்ல அதைப் போட்டுக்காட்டி, தூங்குறது எங்கப்பான்னு சொல்றேன். அதனாலதான் பசங்க உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க" என்றாள். ஆகவே திருத்தம் வேண்டாம். தெரியவேண்டியவளுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் வாசகர்களுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை.