நேர்முகம் அண்ணாச்சி விமானத்தை விட்ட கதை

உலகத்தில் எது நடந்தாலும் நேர்முகம் அண்ணாச்சி அதை வாயால் சொன்ன பிறகுதான் நடந்ததாகக் கணக்கு. விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் எதிர்வீடு. பஞ்சாலை எந்திரங்களின் இரைச்சலில் முப்பது வருஷம் பேச வழியில்லாமல் நின்றவர், ஓய்வு பெற்ற மறுநாளே சேர்த்து வைத்ததையெல்லாம் பேசத் தொடங்கினார். ரேடியோவில் கிரிக்கெட் நேர்முக வர்ணனை சொல்கிற மாதிரி இருந்ததால் தெருவே வைத்த பெயர் அது.

கைபேசி வந்ததும் எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழு அவருக்கு வானொலி நிலையமாகிவிட்டது. "பாபநாசம் ஆத்துல நிக்கேன். தண்ணி முழங்கால் வந்துட்டு. இப்பம் இடுப்பு..." என்று ஒருநாள் குரல் அனுப்பினார். அத்தோடு போன் நனைந்து இரண்டு நாள் தெரு அமைதியாக இருந்தது.

போன வருஷம் டொரண்டோவில் இருக்கும் மகளைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினார். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, முட்டுவலி என்று வரவில்லை. ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "மேல போகப்போக டவர் பக்கம்தானே வே" என்றார். மதினியிடம் மட்டும் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார்: தெரியாத வெளிநாட்டு நம்பர் எது வந்தாலும் எடுக்கக் கூடாது, எல்லாம் மோசடிக்காரன்கள்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, பெல்ட் மாட்டச் சொல்லுதாங்க என்றதுதான் கடைசிக் குரல். மறுநாள் காலை மகள் அழுதுகொண்டே போன் செய்தாள். டொரண்டோவில் விமானம் இறங்கிவிட்டது, அப்பா இறங்கவில்லை. வழியில் அபுதாபியில் விமானம் மாற வேண்டும். அங்கே என்ன ஆனாரோ தெரியவில்லை. போன் போகவில்லை. சர்க்கரை மாத்திரை கைப்பையில் இருந்ததா, பெட்டியில் போய்விட்டதா என்பதும் தெரியவில்லை.

நான் போனபோது மதினி முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார். அந்த நிலையிலும் ஒரு விஷயத்தில் அவருக்குத் திருப்தி. "காலையிலேர்ந்து எவனோ வெளிநாட்டு நம்பர்லேர்ந்து நாலு தடவை கூப்பிட்டுட்டான் தம்பி. நான் எடுக்கவே இல்லையே."

நம்பரை வாங்கிப் பார்ப்பதற்குள் ஐந்தாவது தடவை மணி அடித்தது. பிடுங்காத குறையாக வாங்கி எடுத்தேன். முதலில் ஒரு மலையாளக் குரல், பிறகு அவர்.

"நான்தான் வே. பிளேனை விட்டுட்டேன். அடுத்ததுல ஏத்துதாங்க. மாத்திரை போட்டுட்டேன். இங்கன துடைக்குத தம்பி போனு இது, வைக்கேன்."

வைத்துவிட்டார். மதினியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"அவுகளா? இவ்வளவு கொஞ்சமாவா பேசினாக?"

நியாயமான சந்தேகம்தான். மகளிடமிருந்து அப்பா வந்து சேர்ந்துவிட்டார் என்று தகவல் வரும்வரை அவர் ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை.

நடந்தது பிறகு தெரிந்தது. அபுதாபியில் கண்ணில் பட்டதையெல்லாம் எங்களுக்காக வர்ணித்துப் பதிவு செய்துகொண்டே நடந்திருக்கிறார். அதற்குள் விமானம் ஏறும் கதவைச் சாத்திவிட்டார்கள். விமான நிலைய வைஃபைக்கு ஓடிபி கேட்டிருக்கிறது. ரோமிங் இல்லாத போனுக்கு ஓடிபி எப்படி வரும்? பதிவு ஒன்றுகூட வெளியே போகவில்லை. கடைசியில் தரை துடைத்துக்கொண்டிருந்த பையனிடம் கேட்டு வாங்கிப் பேசியிருக்கிறார்.

மகள் வீட்டு வைஃபையைத் தொட்டதும் எங்கள் குழுவில் ஒரே மூச்சில் நாற்பத்தொரு குரல்பதிவுகள் கொட்டின. நகரும் படிக்கட்டு, ஒட்டகப் பொம்மை, தண்ணீர்க் குழாயைத் திறக்கத் தெரியாத விதம், எல்லாம்.

மதினி போனை என்னிடம் நீட்டி, முதலிலிருந்து போடச் சொன்னார். வழக்கமாக அண்ணாச்சி குரலை இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்கிறவன் நான். அன்றைக்கு நாற்பத்தொன்றையும் அவர் பேசின வேகத்திலேயே கேட்டோம்.