நில்லு நைனா

சென்னையில் ஓடுகிற எதையும் நிறுத்திவிடக்கூடிய மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் போலீஸ்காரர் இல்லை. திருவான்மியூரில் நான் கணக்கெழுதிய பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டியவர். பெற்றோர் வைத்த பெயரை யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவர் நில்லு நைனா.

நாங்கள் அடித்தது டிபன் பாக்ஸ் கொக்கி. தகடு உள்ளே போகும், மேலிருந்து அச்சு இறங்கும், கொக்கி வெளியே வந்து விழும். விழாமல் உள்ளேயே கிடந்தால், அதன்மேல் அடுத்த அடி இறங்கி அச்சு பிளந்துவிடும். எங்களிடம் இருந்தது ஒரே அச்சு. அது போனால் பட்டறைக்குப் பூட்டுதான். ஒருமுறை அது லேசாக விரிசல் விட்டதும், நைனா முதலாளியை அரித்தெடுத்து ஒரு சென்சார் வாங்க வைத்தார். அச்சின் வாய்க்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடும். ஏதாவது மறித்தால் சிவப்பு விளக்கு எரியும், மிஷின் நிற்கும்.

நின்றது. நின்றுகொண்டே இருந்தது. நானும் எண்ணினேன், ஒரே பகலில் பதினோரு தடவை. பத்துக்குக் காரணம் இருந்தது. பதினோராவது, ஒரு ஈ.

நைனாவுக்கு அதுவும் போதவில்லை. தண்ணீர்த் தொட்டி, டீ பாய்லர், கழிப்பறைக் கதவு எல்லாவற்றிலும் எதையாவது மாட்டினார். கழிப்பறைக்குள் கொஞ்சம் அதிகநேரம் இருந்தால் மணி அடிக்கும்.

"இன்னா நைனா, நிம்மதியா குந்த வுட மாட்டியா?" என்று வெல்டர் உள்ளிருந்து கத்துவார்.

"மயங்கி வுழுந்தியோன்னு பாத்தேன் மச்சி!"

முதலாளி மயிலாப்பூர்க்காரர். மிஷின் நின்றால் அவருக்கு மூச்சு நின்றுவிடும். ஒருநாள் பொறுமை தீர்ந்தது. "இதோ பாரும், ஆர்டரை வச்சுண்டு முழிச்சிண்டிருக்கேன். இனிமே காரணமில்லாம ஒரு தடவை நின்னா, நீர் வேற எடம் பாத்துக்கலாம்."

ஆயுத பூஜை வந்தது. முதலாளி தன் கையாலேயே மிஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். பக்தி மேலிட்டு, சென்சாரின் கண்ணாடிக்கும் தாராளமாக ஒரு பொட்டு.

விடுமுறை முடிந்த காலையில் பொத்தானை அழுத்தினால், சிவப்பு. நைனா தலையில் அடித்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி அழுத்தினார். மறுபடியும் சிவப்பு.

"பொட்டும் இல்லை, ஒண்ணும் இல்லை, இப்ப என்னவாம் அதுக்கு?" என்றார் முதலாளி. "அந்த வயரைப் பிடுங்கிட்டு ஓட்டுங்கோ. நைனா, நீர் கிளம்பும்."

நைனா கிளம்பவில்லை. மிஷினின் ஃப்யூஸைக் கழற்றி வாய்க்குள் போட்டுக்கொண்டார். கன்னம் புடைக்க, "என்னிய வேணா அனுப்பு மொதலாளி, வயர புடுங்காத. அது சும்மா நிக்காது" என்றவர், டார்ச்சை என் கையில் திணித்தார். "சார், நீதான் எல்லாத்தையும் எண்ணுற ஆளாச்சே. உள்ள இன்னா கீதுன்னு பாரு."

குனிந்து பார்த்தேன். அச்சின் பின்மூலையில், உதிர்ந்த சாமந்திக்குள் பாதி மறைந்து, கட்டைவிரல் உயரத்தில் ஒரு பித்தளைப் பிள்ளையார். பூஜையன்று முதலாளியே உட்கார வைத்துவிட்டு, எடுக்க மறந்தவர். மிஷின் ஓடியிருந்தால் பிள்ளையாரும் நசுங்கியிருப்பார், அச்சும் பிளந்திருக்கும்.

நைனா ஃப்யூஸைத் துப்பினார்.

முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தேளா! பிள்ளையாரே மிஷினை நிறுத்திட்டார்!"

அன்றிலிருந்து பிள்ளையாருக்கு சென்சார் பெட்டியின் மேல் ஆசனம். தினமும் பூ, வெள்ளிக்கிழமை சுண்டல். நைனாவுக்குக் கிடைத்தது பழைய வேலையும் ஒரு பிடி சுண்டலும்.

எனக்குத்தான் ஆறவில்லை. "உங்க பேரையே எடுக்கலையே நைனா?"

"வுடு சார். சாமி குந்திகினு கீற பெட்டில எவன் கைய வெப்பான்?"

ஒருவரும் வைக்கவில்லை. அச்சு இன்றும் முழுசாக இருக்கிறது.

பிறகு ஆற்றோரத்தில் இருந்த நைனாவின் தெருவை அரசாங்கம் காலி செய்து, அவரைக் குடும்பத்தோடு ஊர்க்கோடிக்கு அனுப்பியது. அது ஒன்றைத்தான் அவரால் நிறுத்த முடியவில்லை. போகும் முன் என் வீட்டுக்கு வந்து, வாசற்கதவில் ஒரு பெட்டியை மாட்டினார். கதவைச் சாத்தாமல் விட்டால் மணி அடிக்காது, அவர் குரலிலேயே, "நில்லு சார்!" என்று கத்தும்.

கதவு விஷயத்தில் நான் மகா கண்டிப்பு. இருந்தாலும் சில சாயங்காலங்களில், வேண்டுமென்றே ஒரு விரல் அளவு திறந்து வைக்கிறேன்.