'வணக்கம் அண்ணே' போட்ட வினை

புரோகிராம் எழுதுகிறவர்களில் மோசமானவன் வேலை தெரியாதவன் இல்லை, 'என் கோடில் தப்பே வராது' என்கிறவன்தான். நான் அந்த ரகம். இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் பயலைக் கூப்பிட்டு ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டு. கேட்டில் மூன்று வரிசை. டிரைவர் கார்டைக் காட்டினால் கேட் திறக்க வேண்டும். அதற்கான புரோகிராமை ஹாஸ்கெல் என்கிற மொழியில் எழுதினேன். வரிசைக்கு ஒரு த்ரெட், அதாவது தனியாக ஓடும் ஒரு வேலை. மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும், ஒன்றையொன்று தொடாது என்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். (ஒருத்தனாவது வாயை மூடுடா என்று சொல்லியிருக்கலாம்.)

கார்டைப் படிக்கும் லைப்ரரி, அதாவது யாரோ முன்பே எழுதிவைத்த கோடு, மட்டும் சி என்கிற பழைய மொழியில் இருந்தது. படிக்க முடியாவிட்டால் 'முடியவில்லை' என்று மட்டும் சொல்லும். ஏன் என்பதற்கான எண்ணைத் தனியே ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போகும். உடனே எடுக்காவிட்டால் அடுத்த வரிசையின் எண் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். எந்த மகராசன் செய்த ஏற்பாடோ! நானோ, டிரைவர்களுக்கு மரியாதை தருகிறேன் பேர்வழி என்று, எண்ணை எடுப்பதற்கு முன்னால் கேட்டில் இருந்த மின் போர்டில் 'வணக்கம் அண்ணே' என்று ஒரு வரியை ஓடவிட்டேன்.

முதல் நாளே என் மாமா, அம்மாவின் தம்பி, டிரெய்லரோடு வந்தார். மாலைக்குள் பெட்டி கப்பலேறாவிட்டால் ஓனர் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். மாமாவின் கார்டில் லேசாக கிரீஸ். துடைத்துக் காட்டினால் போதும். போர்டில் வந்ததோ, 'வணக்கம் அண்ணே. திருட்டு கார்டு.' செக்யூரிட்டி வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

மாமா எனக்கு போன் செய்தார். "இன்னா நைனா, நீ எய்தின மெஷினு என்ன திருடன்னுது?"

"மெஷின் பொய் சொல்லாது மாமா. நீ இன்னா பண்ணே?"

அவர் போனை வைத்துவிட்டார்.

சற்று நேரத்தில், உண்மையான திருட்டு கார்டோடு பக்கத்து வரிசையில் நின்றவனை 'கார்டைத் துடைத்துக் காட்டவும்' என்று போர்டு கெஞ்சுவதாக செக்யூரிட்டி போன் செய்தார். அது மூன்றாவது வரிசையின் எண்; மாமாவுக்குப் போனது இவனுடைய எண். (அவனும் விடாமல் துடைத்துக்கொண்டிருந்தான்.) அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கார்டைப் படிப்பதையும் எண்ணை எடுப்பதையும் வேறு வரிசை குறுக்கே வராதபடி ஒரே பூட்டுக்குள் வைத்து, வணக்கத்தைப் பின்னால் தள்ளினேன். அதற்குள் கப்பல் போய்விட்டது, வண்டியும் கைமாறிவிட்டது. தப்பு என்னுடையது என்று ஓனர் முன்னால் போய் நின்ற பிறகும், மாமாவுக்கு வண்டி திரும்பக் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. லைப்ரரிமேல் இருந்த கோபம் ஆறிவிட்டது. மாமாவை நம்பாமல் என் கோடை நம்பினேனே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

விம்கோ நகரில் எங்கள் வீட்டில் இப்போது யாராவது விசாரிக்காமல் திட்ட ஆரம்பித்தால், மற்றவர்கள் சேர்ந்து 'வணக்கம் அண்ணே' என்பார்கள். போன வாரம் டேங்க் நிரம்பி வழிந்தது. மோட்டாரை அணைக்கவில்லை என்று மகளைத் திட்ட வாயெடுத்தேன். அவள் கும்பிட்டு, "வணக்கம் அண்ணே" என்றாள்.

மோட்டாரைப் போட்டது நான்தான்.